ஆளுக்கு ஆறு முள்: மாணவி வாசுகி அவர்களின் நினைவாக

செய்தி வந்தபோது நான் கம்பி வளைத்துக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையில் என் பட்டறைக்குக் கீழே ஒரு கொமியூனிக்கேஷன் கடை இருக்கிறது. எனக்கு வருகிற தொலைபேசிக் கோல்கள் அங்கேதான் வரும். கடையில் வேலை செய்கிற பெண் மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "ஐயா, வெள்ளவத்தையில இருந்து கோல். வாசுகி மிஸ் தவறிட்டாவாம்" என்றாள். எந்த வாசுகி என்று கேட்டேன். கேட்கும்போதே தெரியும். எனக்கு வேறு வாசுகி கிடையாது.

நான்கு நாள் டெங்குக் காய்ச்சல். இருபத்தாறு வயது. மருத்துவ பீடத்தின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை காத்திருந்தவர்.

இரண்டு நாள் கழித்து எங்கள் முருகன் கோயில் வாசலில் நிர்வாக சபையார் ஒரு அனுதாப அறிவித்தல் ஒட்டினார்கள். "எமது சபை முன்னெடுத்த சுகாதாரத் திட்டத்துக்கு ஒத்துழைப்பு நல்கிய மாணவி" என்று அதில் இருந்தது. அது பொய். சபை எதையும் முன்னெடுக்கவில்லை. சபை தடுத்தது. முதலில் நானும் தடுத்தேன். அதை நான் ஒப்புக்கொள்கிறேன், அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள் இல்லை. நடந்ததை எழுதித் தருகிறேன், திருவிழா மலரில் போடுங்கள் என்று கேட்டேன். மலர் நிரம்பிவிட்டது என்றார்கள். ஆகவே நானே அச்சடித்து, அவருடைய முப்பத்தோராம் நாளில் என் கையாலேயே கொடுக்கிறேன். அவரை அறிந்தவர்களும் படியுங்கள், அறியாதவர்களும் படியுங்கள்.

அவர் என் பேத்தி வயது. இருந்தாலும் "அவர்" என்றுதான் எழுதுவேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. முருகனுக்கு நேர்த்தி வைத்தவர்கள் காவடி எடுக்கும்போது முதுகுத் தோலில் கொக்கிகளைக் கோத்துக்கொள்வார்கள். பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுக்க, அவர்கள் ஆடி வருவார்கள். அந்தக் கொக்கியைச் செடில் என்றும் சொல்வார்கள், முள் என்றும் சொல்வார்கள். எங்கள் கோயிலில் முள் குத்துகிறவன் நான். எனக்கு இதை யாரும் கற்றுத் தரவில்லை. பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு வயதில் கொழும்புக்கு வந்தேன். செட்டியார் தெருவில் ஒரு பட்டறையில் கரி அள்ளிப்போட்டு, கண்ணால் பார்த்தே வெள்ளி வேலை பழகினேன். வறுத்த கடலை சுற்றி வந்த கடதாசிகளில் தமிழ் படித்தேன். முள் குத்துவதை என் சொந்தத் தொடையில் குத்திப் பழகினேன். அதனால் படித்தவர்கள் வந்து என் கையைக் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. இன்றைக்கும் பொறுக்காது.

என்னிடம் இருபத்துநான்கு வெள்ளி முட்கள் இருந்தன, நானே செய்தவை. ஒருவருக்கு ஆறு. ஒரே நேரத்தில் நான்கு பேருக்குக் குத்தலாம். அந்த நான்கு பேரும் வீதி வலம் வந்து நேர்த்தியை முடித்ததும் முட்களைக் கழற்றுவேன். மேசையில் ஒரு பெரிய தேசிக்காய், எலுமிச்சங்காய், இருக்கும். ஒவ்வொரு முள்ளையும் அதற்குள் செருகி எடுத்து, திருநீற்றில் புரட்டி, அடுத்த நான்கு பேருக்குக் குத்துவேன். தேசிப்புளி எல்லா அழுக்கையும் எடுக்கும், திருநீறு எல்லாப் புண்ணையும் ஆற்றும் என்பது எங்கள் முறை. நாற்பது வருடத்தில் ஒரு முதுகிலும் சீழ் பிடித்ததில்லை. அதுதான் என் பெருமை.

முதல் தடவை அவர் வந்தபோது திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. கூட நிலூக்கா என்ற சிங்கள மாணவி. அவர்கள் மாணவர்களாகச் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். வெள்ளவத்தையிலும் கொம்பனித்தெருவிலும் சலூன் சலூனாக ஏறி, ஒரு பிளேடை ஒருவருக்குமேல் பாவிக்க வேண்டாம் என்று சொல்லி வந்தார்கள். யாரோ ஒரு சலூன்காரர், "எங்களை மட்டும் பிடிக்கிறீங்க, கோயில் முள்ளைப் போய்க் கேளுங்க" என்று என்னைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

"ஐயா, நாங்கள் மெடிக்கல் ஃபகல்ட்டிப் பிள்ளையள். ஹெப்படைட்டிஸ் பி எண்டு ஒரு வருத்தம். அதைப்பற்றிக் கதைக்க வந்தனாங்கள்."

"எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல."

"உங்களைப் பற்றி இல்லை ஐயா. முள்ளைப் பற்றி."

"முள்ளுக்கும் வருத்தம் ஒண்ணுமில்ல."

நிலூக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "வெள்ளவத்தையில இருந்து பஸ் ஏறி வந்து, தோட்டத்துக்காரன் கை அழுக்குன்னு சொல்றீங்களா? நாப்பது வருஷமா குத்துறேன். ஒருத்தனுக்குச் சீழ் பிடிச்சிருக்கான்னு கேட்டுட்டு வாங்க. எறங்குங்க கீழே" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "சரி ஐயா, இண்டைக்குப் போறம்" என்றார். "இண்டைக்கு" என்பதை அழுத்திச் சொன்னார். படியில் ஒரு துண்டுப் பிரசுரத்தை வைத்துவிட்டு இறங்கினார்.

எழுத்து என்று கண்ணில் பட்டால் படிக்காமல் விடுகிறவன் அல்ல நான். படித்தேன். "தொற்றுக்குள்ளான உடற்திரவங்களின் பரிமாற்றத்தினூடாக" என்று தொடங்கியது. பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தார், தனியாக.

"மொதல்ல தமிழ எழுதப் பழகுங்க, டொக்டரம்மா" என்று அதை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். "நாங்கள் இங்கிலீஷில படிச்சுத் தமிழில எழுதினது ஐயா. பிழைதான். நீங்கள் எண்டால் எப்பிடி எழுதுவியள்?" என்று கேட்டுவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

விளங்காததை நான் எழுத மாட்டேன். ஆகவே ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது. கிருமி எங்கே இருக்கிறது? இரத்தத்தில். எவ்வளவு இரத்தம் போதும்? கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். எதைக் கெடுக்கும்? ஈரலை. மருந்து? வந்த பிறகு கஷ்டம். வருமுன் மூன்று ஊசி போட்டால் வராது. மூன்று வெள்ளிக்கிழமைகள் இப்படியே போயின. கடைசியில் என் தமிழில் இப்படி வந்தது: "ஒருவர் இரத்தம் பட்ட ஊசியோ பிளேடோ முள்ளோ இன்னொருவர் தோலில் ஏறக்கூடாது." அவர் அதைச் சத்தமாக இரண்டு தரம் வாசித்தார். முள் என்ற சொல்லை என் கையாலேயே எழுதியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. எழுதித் தருவது வேறு, நம்புவது வேறு என்றேன்.

"அப்ப திருவிழாவில நிண்டு பார்க்க விடுவியளோ?" என்று கேட்டார்.

"மூலையில நிக்கலாம். வாயத் தொறக்கக்கூடாது."

அந்த வருடம் விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை அவர் மூலையில் நின்றார். உட்காரவுமில்லை, பேசவுமில்லை. கடைசி ஆள் வலம் வந்து முள்ளைக் கழற்றியதும் என் மேசைக்கு வந்து, "ஐயா, அந்தத் தேசிக்காயைத் தாறியளோ?" என்றார். பிரசாதமாகக் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். என் கத்தியை எடுத்து அதை மேசையிலேயே இரண்டாக வெட்டினார்.

வெட்டின தேசிக்காயின் உள்ளே எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அது அப்படி இருக்கவில்லை. உள்ளே முழுக்கப் பழுப்புச் சிவப்பு, நடுவில் கறுப்பு.

"காலமை இருந்து ஆரின்ர முள்ளு இதுக்குள்ள போய் வந்தது?"

"எல்லாருதும்."

"ஓம் ஐயா. எல்லாற்றையும். முதல் ஆள் விட்டதைக் கடைசி ஆள் கொண்டு போறார். தேசிப்புளிக்கு இந்தக் கிருமி சாகாது. காய்ஞ்ச இரத்தத்திலயே ஒரு கிழமை, ஏழு நாள் உயிரோட கிடக்கும்."

என்னிடம் இருந்த ஒரே பதிலைச் சொன்னேன். "நாப்பது வருஷம்... ஒருத்தனுக்கும் சீழ் பிடிக்கல."

"இது சீழ் பிடிக்காது ஐயா. குத்தின இடம் வடிவா ஆறிடும். ரெண்டு மூண்டு மாசம் போனபிறகுதான் காமாலை வரும். கன பேருக்கு அதுவும் வெளிய தெரியாது. திருவிழா ஆடியில. அவையள் ஐப்பசியில படுத்தா, அதை உங்களிட்ட வந்து ஆர் சொல்லுவினம்?"

நாற்பது வருடப் பெருமையும் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. முட்களை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறு கிழமை அவரே வந்து, என் இரத்தத்தைச் சோதிக்கலாமா என்று கேட்டார். முள் குத்துகிறவன் தன் விரலையும் குத்திக்கொள்ளாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று தடவை குத்தியிருக்கிறேன். கொடுத்தேன். முடிவோடு வந்தபோது முதலில், "பயப்பிடாதேங்கோ, இப்ப கிருமி இல்லை" என்றார். பிறகு, "ஆனா முந்தி ஒருக்கா வந்து போயிருக்கு. இரத்தத்தில அடையாளம் நிக்குது" என்றார்.

எப்போது என்று சோதனை சொல்லாதாம். எனக்குத் தெரியும். பட்டறை எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எரிந்ததற்கு மறு வருடம் என் கண் மஞ்சளித்து, ஒரு மாதம் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தேன். கவலையில் வந்த காமாலை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எங்கிருந்து தொற்றியது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று அவர் சொன்னார். எனக்கு நிச்சயம் தேவைப்படவில்லை. அந்தக் கிருமி என் மேசைக்கு வந்திருக்கிறது. வந்தது என்னோடு நின்றிருக்குமா?

அன்றைக்குத்தான் அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வெள்ளவத்தைக்கு வந்த குடும்பம். அப்பா வங்கியில் வேலை. காமாலை வந்து, மூன்று கிழமையில் ஈரல் செயலிழந்து போய்விட்டார்.

"அப்பா வாழ்க்கையில ஒரு துளி குடிக்கேல்லை ஐயா. ஆனா செத்தவீட்டுக்கு வந்த சனம், குடிச்சுத்தான் ஈரல் போனதெண்டு வாசலில நிண்டு கதைச்சது. அம்மாவுக்குக் கேக்கக்கூடியதாக் கதைச்சது. நான் மெடிசின் படிக்க வந்து, ரெண்டாம் வருசத்தில புத்தகத்தில இந்த வருத்தத்தைப் பார்த்தன். அண்டைக்கு இரவே அம்மாவை இருத்தி வாசிச்சுக் காட்டினன்."

"அவருக்கு எங்கேருந்து வந்திச்சு?" என்று கேட்டேன்.

"எத்தினையோ வழி இருக்கு" என்றார். உடனே, "ஐயா, ஒரு முள்ளை எவ்வளவு நேரம் அவிச்சாலும் கூர் மழுங்காதோ?" என்று கேட்டார். கதையை மாற்றுகிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கூரைப் பற்றிக் கேட்டால் நான் அரை மணித்தியாலம் பேசுவேன்.

பிறகு இரண்டு பேருமாகச் சபைக்குப் போனோம். செயலாளர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளை, உது கோயில். ஆசுப்பத்திரி இல்லை" என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். "இப்பவே ஊர்வலத்துக்குப் பொலிஸ் பெர்மிஷன் எடுக்க நாய்ப்பாடு படுறம். கோயிலில வருத்தம் பரவுது எண்டு ஒரு கதை வெளிய போனா, அதையே சாட்டா வைச்சு நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"அதுக்குத்தான் ஐயா, கதை வெளிய போக முதல் நாங்களே சரி பண்ணுவம். முருகனால வருத்தம் வரேல்லை. முள்ளால வருது. முள்ளை அவிக்கலாம்."

"எவ்வளவு நேரம்?"

"பிறஷர் குக்கரில விசில் வந்தாப் பிறகு இருபது நிமிசம்."

"உரு வந்து ஆடுற மனிசனை இருபது நிமிசம் வரிசையில நில் எண்டு ஆர் சொல்லுறது? நீர் சொல்லுவீரோ?"

எல்லாரும் சிரித்தார்கள். வாசுகி என்னைப் பார்த்தார். பறை அடிக்கிறபோது உரு வந்து சாமியாடுகிறவரை நிறுத்த முடியாது என்பது உண்மை. நான் எழுந்து நின்றேன். "யாரும் நிக்கத் தேவையில்ல. ஆளுக்கு ஆறு முள்ளு நான் செஞ்சு வைக்கிறேன். எத்தன ஆளு பேரு குடுக்குறாங்களோ அத்தன ஆறு. முதல் நாளே அவிச்சு, தனித்தனியாக் கட்டி வைப்போம். அவிக்காத முள்ளு இனி என் கையில வராது. அது வேணாம்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

வேறு ஆள் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்க ஊரார் குறை சொன்ன என் பிடிவாதம் அன்றைக்கு ஒரு காரியத்துக்கு உதவியது.

வெள்ளியில் அவ்வளவும் செய்ய வழியில்லை. அவர்தான் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி கொண்டுவந்தார். எஃகு வெள்ளியைப் போல் வளையாது, கையைப் பதம் பார்க்கும். ஒரு வருடம் வளைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் அவர் வந்து, வளைத்த முட்களை ஆறாறாகத் துணியில் முடிந்து வைப்பார். முடிச்சுப் போடத் தெரியாது. நான் அவிழ்த்து மறுபடி முடிவேன். "டொக்டரம்மா, ஒபரேஷன் செஞ்சுட்டு இப்பிடித்தான் தையல் போடுவீங்களா?" என்று கேட்டால், "அதுக்கு உங்களைக் கூப்பிடுவன் ஐயா" என்பார்.

அடுத்த வருடம் திருவிழாவுக்கு முன், பூசை முடிந்த பிறகு மண்டபத்தில் பேச அவருக்குக் கால் மணித்தியாலம் கொடுத்தார்கள். பெண்கள்தான் அதிகம் இருந்தார்கள். ஒரு அம்மா எழுந்து, "வருத்தக்காரர் குடிச்ச கோப்பையில குடிச்சா வருமோ?" என்று கேட்டார்.

"வராது அக்கா. ஒரு கோப்பையில குடிக்கலாம், ஒரு பாயில இருக்கலாம், கட்டிப்பிடிச்சு அழலாம். ஒண்டுக்கும் வராது. இரத்தத்தால வரும். தாயிட்ட இருந்து பிறக்கிற பிள்ளைக்கு வரும். புருசன் பெண்சாதிக்குள்ளயும் வரும்."

செயலாளர் கதவருகே நின்று பலமாகச் செருமினார். இன்னொரு தரம் செருமினார்.

"ஐயாவுக்கு ஆராவது தண்ணி குடுங்கோ" என்றார் வாசுகி. "என்ர கோப்பையிலயே குடுக்கலாம். பயமில்லை."

மண்டபம் சிரித்து அடங்க நேரம் எடுத்தது. அதன் பிறகு அவர்களாகவே கேட்டார்கள்: தடுப்பூசி எங்கே போடுவது, பிள்ளைக்குப் போடலாமா, காது குத்துகிற ஊசியை என்ன செய்வது. கால் மணித்தியாலம் ஒரு மணித்தியாலமானது. முடிவில் அவர் ஒன்று சொன்னார்: "ஈரல் வருத்தத்தில செத்தவையெல்லாம் குடிகாரர் இல்லை. செத்தவீட்டில நிண்டு அப்பிடிக் கதைக்காதேங்கோ."

திருவிழாவுக்கு முதல் நாள் முள் அவிப்பதற்காக, அவர் அம்மாவின் பெரிய குக்கரைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தார். நான் முட்பெட்டியோடு கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில் காத்திருந்தேன். பக்கத்திலேயே ஆமிக்காரரின் சோதனைச் சாவடி. அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை, இறுக்கி மூடின ஒரு பாத்திரத்தோடு பஸ்ஸில் வந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் மூளையில் படவில்லை. இறக்கிவிட்டார்கள். குக்கரைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். நான் உதவிக்கு ஓடினேன். என் பெட்டியையும் திறந்தார்கள். உள்ளே முடிச்சு முடிச்சாகக் கூரான எஃகுக் கொக்கிகள்.

"மே மொனவாத?" இவை என்ன என்று கேட்டான் சிப்பாய்.

"கொக்கு. கோவிலட்ட" என்றார் வாசுகி. கோயிலுக்குக் கொக்கிகள் என்று. அவன் ஒன்றை எடுத்துக் கூரைத் தடவிப் பார்த்தான். அவனுக்கும் அவர் வயதுதான் இருக்கும். அவர் திரும்பி நின்று, தன் சட்டையை முதுகுப் பக்கம் விரல்களால் கிள்ளி இழுத்துக் காட்டினார்.

அவன் முகம் மாறியது. "கதரகம தெய்யன்டத?" கதிர்காமக் கடவுளுக்கா என்று கேட்டான்.

"ஔ." ஆம் என்றார் வாசுகி.

குக்கர் எதற்கு என்பதையும் சிங்களத்தில் சொன்னார். ஒரு ஆளின் முள் இன்னொரு ஆளுக்குப் போகக்கூடாது, அதனால் அவிக்கிறோம் என்று. தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவன், முள்ளைத் துணியில் வைத்து அவனே முடிந்து தந்தான். சாவடியைத் தாண்டியதும் அவர் என்னைப் பார்த்து, "ஐயா, அவன்ர முடிச்சு என்ர முடிச்சை விட வடிவு" என்றார்.

மறுநாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெயர் சொல்ல, முடிச்சை எடுத்து, அவிழ்த்து, குத்தினேன். ஒருவரும் காத்து நிற்கவில்லை. கழற்றிய முள் தனிச் சட்டிக்குப் போனது. மேசையில் வழக்கம்போல் தேசிக்காய் வைத்திருந்தேன். முறையை விட எனக்கு மனமில்லை. ஆனால் அதை யாரும் தொடவில்லை. எல்லாம் முடிந்ததும் அவர் வந்து அதே கத்தியால் அதை வெட்டினார். வெட்டி இரண்டு பாதியையும் என் முன்னால் வைத்தார். வெளிர்ப்பச்சை. சுத்தம். பிறகு சீனி போட்டு இரண்டு கிளாஸ் கரைத்து, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"இண்டைக்கு இதைக் குடிக்கலாம் ஐயா."

அது போன வருடம்.

அவருடைய இறுதிச் சடங்குக்கு வெள்ளவத்தை வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்கு நான் அதற்கு முன் போனதில்லை. அவர்தான் எப்போதும் வருவார். கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இரண்டாம் மாடி. நிலூக்கா தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சுவரில் மாலை போட்ட ஒரு படம், அவருடைய அப்பா. யாரோ ஒருவரின் முகமாகத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. அதற்குக் கீழே அலுமாரிக் கண்ணாடிக்குள் இன்னொரு படம் இருந்தது. காவடி எடுத்த ஒருவரின் முதுகு. ஆறு வெள்ளி முட்கள். இடது தோளுக்குக் கீழே ஒரு விரல் அகலத்தில் பழைய தழும்பு.

முதுகுகளை நான் மறப்பதில்லை. மூன்று வருடம் அந்தத் தழும்பை விலக்கித்தான் அவருக்கு முள் குத்தினேன். படத்தின் ஓரத்தில் கயிற்றைச் சரிபார்க்கும் ஒரு கை தெரிந்தது. என் கை.

வாசுகியின் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். "ஓம் ஐயா. உங்களிட்டத்தான் குத்தினவர். இவளுக்கு மெடிசின் கிடைக்கோணும் எண்டு வைச்ச நேர்த்தி. ஆடியில காவடி எடுத்தவர். ஐப்பசியில..."

"வாசுகிக்குத் தெரியுமாம்மா?"

"தெரிஞ்சுதான் உங்களிட்ட வந்தவள்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அம்மா மகளின் பக்கம் திரும்பினார். "நானும் கேட்டனான். முள்ளாலதான் வந்ததெண்டு நிச்சயமில்லை அம்மா எண்டவள். அதோட, சொன்னா ஐயா மனமுடைஞ்சு முள்ளைக் கீழ வைச்சிடுவார், பிறகு வேற ஆரோ எடுத்துப் பழைய மாதிரியே குத்துவினம், அவரின்ர கையில முள்ளு இருக்கோணும் எண்டவள்."

இரண்டு வருடம். மூலையில் நின்ற அந்தக் காலை முழுவதும். கூரைப் பற்றிக் கேட்டு என்னைப் பேச விட்ட அந்த நாள். கோணல் முடிச்சுகள் போட்ட வெள்ளிக்கிழமைகள். அவ்வளவு நேரமும் தன் அப்பாவின் முதுகில் குத்திய கையின் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை, முகத்திலும் காட்டவில்லை. எனக்குப் பயந்தல்ல, என்மேல் இரக்கப்பட்டும் அல்ல. வேலை நடக்க வேண்டும் என்று. என்னைவிடப் பிடிவாதக்காரரை என் வாழ்நாளில் நான் கண்டது அவர் ஒருவரைத்தான். அதனால்தான் "அவர்" என்று எழுதுகிறேன்.

போன கிழமை செயலாளர் பட்டறைக்கு வந்தார். இந்த வருடம் பெயர் கொடுத்தவர்கள் கூடுதலாம். "அந்தப் பிள்ளையும் இல்லை. உந்த அவிக்கிற சோலி இனி என்னத்துக்கு? இருக்கிற முள்ளை மாறி மாறிக் குத்துவம்" என்றார். என் முன்னால் கிடந்த கம்பியைக் காட்டிவிட்டு வளைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தாள்தான் அவருக்கு என் பதில். எழுத்தில் இருக்கட்டும்.

அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கு முள்ளைக் கீழே வைத்துவிட வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. வைக்கவில்லை. வைக்கவும் மாட்டேன். பழைய வெள்ளி முட்கள் இருபத்துநான்கையும் உருக்கிவிட்டேன். இப்போது எவரும் மாறி மாறிக் குத்த நினைத்தாலும் அதற்கு என்னிடம் முள் இல்லை. ஆளுக்கு ஆறு எஃகு முள், அவித்துத் துணியில் முடிந்தது. அது ஒன்றுதான் இந்தக் கோயிலில் இருக்கும், என் கை இருக்கும்வரை. எனக்குப் பின்னால் யார் வந்தாலும் இந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவேன்.

நிலூக்கா இரண்டு மாணவர்களோடு முதல் நாளே வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசுகியின் அம்மா குக்கரைக் கொடுத்தனுப்புகிறார். நேர்த்தி வைத்திருப்பவர்களே, உங்கள் பெயரை முன்கூட்டியே கொடுங்கள். உங்கள் முடிச்சை என் முன்னாலேயே அவிழ்க்கச் சொல்லிக் கேளுங்கள். சலூனில் புது பிளேடு கேளுங்கள். பிறக்கிற பிள்ளைக்கு ஊசி போடக் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால், மண்டபத்தில் நின்று பேசிய அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

டொக்டரம்மா, திருவிழா முடிந்ததும் மேசையில் இருக்கிற தேசிக்காயை நான் வெட்டுவேன். உள்ளே சுத்தமாக இருக்கும். சீனி போட்டு இரண்டு கிளாஸ் கரைப்பேன். ஒன்று எனக்கு. மற்றது நீங்கள் நின்ற மூலையில் இருக்கும். போய் வாருங்கள்.